தாகம் எடுக்குமுன் ஒரு குவளை நீர்

சித்திரை பிறந்ததும் தமிழகத்தின் தெருமுனைகளில் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. தென்னங்கீற்று வேய்ந்த நிழலில் மணலைப் பரப்பி நனைத்து, அதன்மேல் மண்பானைகளை அமர்த்தி, வழிப்போக்கர்களுக்கு நீரும் மோரும் வழங்குவது இங்கே பழைய வழக்கம். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இதைச் 'சலிவேந்திரம்' என்கிறார்கள். கன்னட நாட்டில் இது 'அரவட்டிகெ', மகாராஷ்டிரத்தில் 'பாண்போயி', குஜராத்தில் 'பரப்', வடக்கே 'ப்யாவூ'. பெயர்கள் வேறாயினும் நல்ல பந்தல் ஒவ்வொன்றிலும் காணக்கூடிய ஒரு பண்பு உண்டு. அங்கே நிற்பவர், வருகிறவர் வாய்திறந்து கேட்கும் வரை காத்திருப்பதில்லை. குவளையை நிரப்பி நீட்டிவிடுகிறார்.

தாகம் எடுத்தவர் தாமே கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டாரா? கேளாதவருக்கு எதற்காக நீட்ட வேண்டும்? இக்கேள்விக்கு அறம் தரும் விடை ஒருபுறம் இருக்க, உடலியல் தரும் விடையும் ஒன்று உண்டு. தாகம் என்பது சற்றுப் பிந்தி ஒலிக்கும் மணி. சிலருடைய உடலில் அது மிக மெல்ல ஒலிக்கிறது. வேறு சிலர் அது உரக்க ஒலித்தும் கேளாதவர் போல் இருக்க நேர்கிறது. நாள்தோறும் போதிய நீர் அருந்துவது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எத்தனை குவளை என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். நீர் போதாமல் உண்மையில் துன்பப்படுவோர் யார் என்பதைப் பார்த்தால், கணக்கைவிடக் கவனிப்பே அங்கு முதலில் தேவைப்படுவது புலனாகும்.

உடலின் சிக்கனம்

வயது வந்த ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீரே. பெண்ணின் உடலில் இது 50 முதல் 55 விழுக்காடு. பிறந்த குழந்தையின் உடலில் 75 விழுக்காட்டை நெருங்கும். இந்த நீர், குடத்து நீரைப் போல ஓரிடத்தில் தேங்கி நிற்பதன்று. அதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களின் உள்ளேயே இருக்கிறது. எஞ்சியது குருதியின் நீர்ப்பகுதியாகவும் உயிரணுக்களைச் சூழ்ந்த திரவமாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்துக்களைச் சுமந்து செல்வதும், கழிவுகளைக் கரைத்து வெளியேற்றுவதும், வியர்வையாகி உடற்சூட்டைத் தணிப்பதும் இதன் பணிகள்.

செலவு ஓயாமல் நடக்கிறது. மூச்சுக்காற்றின் ஈரமாகவும், கண்ணுக்குத் தெரியாமல் தோலின் வழியாகவும் மட்டுமே நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு நீர் போய்விடுகிறது. சிறுநீர் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை. வெயிலில் கடினமாக உழைப்பவரின் வியர்வையோ ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டரைத் தொடக்கூடும்.

இந்த வரவுசெலவை நடத்துபவை சிறுநீரகங்கள். அவை இரண்டும் சேர்ந்து நாள்தோறும் சுமார் 180 லிட்டர் திரவத்தைக் குருதியிலிருந்து வடிகட்டுகின்றன. வடிகட்டியது அனைத்தும் அப்படியே வெளியேறுமானால் அரைமணி நேரத்துக்குள் குருதியின் நீர்ப்பகுதி முழுவதும் தீர்ந்துபோகும். அவ்வாறு நேர்வதில்லை. வடிகட்டியதில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீண்டும் குருதிக்கே திருப்பி அனுப்பப்படுகிறது.

எவ்வளவு திருப்புவது, எவ்வளவு விடுவது என்பதை மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி கண்காணிக்கிறது. குருதியின் உப்புச் செறிவு நூற்றில் ஒரு பங்கு கூடினாலே அது விழித்துக்கொள்கிறது. உடனே வாசோபிரஸின் என்னும் ஹார்மோன் சுரந்து, 'நீரை விடாதே' என்னும் ஆணையைச் சிறுநீரகங்களுக்குக் கொண்டு செல்கிறது. சிறுநீர் அளவில் குறைகிறது, நிறம் அடர்கிறது. செறிவு இன்னும் சற்று ஏறிய பின்னரே தாகம் என்னும் உணர்வு தலைகாட்டுகிறது. சிக்கனம் முதலில் தொடங்கிவிடுகிறது. தாகம் அதற்குப் பின்னால் வருகிறது. சிக்கனத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அன்றாடக் கழிவுகளைக் கரைத்து அனுப்பக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அதற்குக் கீழே போக இயலாது.

நல்ல உடல்நலமும், கைக்கெட்டும் தூரத்தில் நீரும் உள்ள இளைஞருக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் போதுமானது. தாகம் எடுக்கும்போது குடித்தாலே அவருடைய கணக்கு நேராகிவிடும். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை நீர் குறைந்தாலே தலைவலி, சோர்வு, எரிச்சல், கவனச் சிதறல் ஆகியவை சிலரிடம் தோன்றுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலக மேசையில் தலை கனப்பதற்குக் காரணம் வேலைப்பளுவாக இருக்கலாம். காலை உணவுக்குப் பின் ஒரு வாய் நீரும் அருந்தாததாகவும் இருக்கலாம்.

எட்டுக் குவளை என்னும் எண்

நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் என்பது இன்று வேதவாக்குப் போல் ஆகிவிட்டது. இதன் வேர் எங்கே என்று தேடுவோர் சுட்டும் ஆவணங்களுள் ஒன்று, 1945-ஆம் ஆண்டு அமெரிக்காவின் உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட பரிந்துரை. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் ஏற்றது என்று அது கூறியது. அதையடுத்து, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியுள்ளது என்றும் கூறியது. முதற்செய்தி உலகெங்கும் பரவிற்று. அடுத்ததை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 2002-இல் ஹைன்ஸ் வால்டின் என்னும் சிறுநீரக அறிஞர் ஆய்வேடுகளை அலசிவிட்டு, எல்லோருக்கும் எட்டுக் குவளை என்பதற்கு அறிவியல் சான்று ஏதும் கிட்டவில்லை என்று எழுதினார். 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரை அளந்து 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வும், நீரின் தேவை வயது, உடலுழைப்பு, தட்பவெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதையே காட்டிற்று.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் உணவு வழிகாட்டு நூலில், உடல்நலமுள்ள வயது வந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் குடிநீர் என்கிறது. வெப்பமான நம் நாட்டுக்கு இது நல்ல தொடக்க அளவு. ஆனால் இது அளவுகோலின் நடுப்புள்ளிதானே தவிர, எல்லோரும் எட்டித் தொடவேண்டிய கோடு அன்று. வாக்படர் தமது 'அஷ்டாங்க ஹிருதயம்' நூலில், கோடையும் சரத் காலமும் தவிர மற்றப் பருவங்களில் நலமுடையோரும் நீரை அளவாகவே பருகவேண்டும் என்று விதித்தார். அவருடைய மருத்துவக் கோட்பாடு வேறு, இன்றைய உடலியல் வேறு. எனினும் பருவத்துக்கு ஏற்ப அளவு மாறும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

குடிக்கும் நீர் மட்டுமே கணக்கில் சேரும் என்பதும் தவறான எண்ணம். வடித்த சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். கஞ்சி, ரசம், மோர், இளநீர், வெள்ளரிக்காய், தர்பூசணி ஆகிய எல்லாமே வரவுதான். வழக்கமான அளவில் அருந்தும் தேநீரும் காபியும் கூட உடலுக்கு நீரைத் தருகின்றனவே அன்றிப் பறித்துக்கொள்வதில்லை. சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்கள் நீரோடு வேண்டாத சுமையையும் கொண்டு வருகின்றன. அவற்றை இக்கணக்கில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் போதுமா, போதாதா என்று எப்படி அறிவது? குவளைகளை எண்ணுவதைக் காட்டிலும் எளிய வழி, சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பது. வெளிறிய வைக்கோல் நிறமாக இருந்தால் வரவு போதுமானது. அடர்ந்த மஞ்சளாகவும் அளவு குறைவாகவும் இருந்தால் உடல் சிக்கனம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். பி வைட்டமின் மாத்திரை உண்போருக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. நீர் எவ்வளவு குடித்தாலும் அந்த மாத்திரை சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கிவிடும்.

நீர் செய்வதும் செய்யாததும்

போதிய நீரின் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது சிறுநீரகக் கல் விஷயத்தில். சிறுநீர் செறிவாகும்போது அதில் கரைந்துள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகிக் கல்லாகத் திரள்கின்றன. வெப்பமும் வறட்சியும் மிக்க ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் இந்நோய் மிகுதி. இத்தாலியில் முதன்முறையாகக் கல் வந்த 199 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மிகுதியாக நீர் அருந்தச் செய்து ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 1996-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நிறைய நீர் அருந்திய குழுவில் 12 பேருக்கு மட்டுமே கல் திரும்ப வந்தது. மற்றக் குழுவில் 27 பேருக்கு வந்தது. இதற்குச் செலவு ஏதுமில்லை, மருந்தும் இல்லை. ஒருமுறை கல் வந்தவர்களிடம், நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும்படி நீர் அருந்துமாறு மருத்துவர்கள் கூறுவது இதனால்தான்.

அடிக்கடி சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு ஆளாகும் பெண்களுக்கும் நீர் துணை செய்கிறது. வழக்கமாகக் குறைவாக நீர் அருந்திவந்த 140 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக் காலம் நாள்தோறும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் அருந்தியவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. மலச்சிக்கலும் நீர் போதாதவர்களிடத்தில் நீரால் குறைகிறது.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் நீரைக் குடித்தால் நீரிழிவு முதல் புற்றுநோய் வரை அகன்றுவிடும் என்று அச்சடித்துக் கோயில் வாசலில் வழங்கப்படும் துண்டுப் பிரசுரங்களுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. நீர் நல்லது என்பதற்காக அது எல்லாம் செய்யும் என்று ஆகிவிடாது. கனடாவில் நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள 631 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வும் இதற்குச் சான்று. கூடுதல் நீர் அருந்திய குழுவினருக்கு ஓராண்டின் முடிவில் சிறுநீரகத் தேய்வு குறையவில்லை என்றே அது 2018-இல் தெரிவித்தது. மருந்தை நிறுத்திவிட்டு நீரை நம்பியவர்கள் இழந்தது மிகுதி.

'எனக்குத் தாகமில்லை'

வீட்டில் உள்ள முதியவரிடம் "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் "வேண்டாம்" என்றே விடை வரும். அது பிடிவாதமும் அன்று, பொய்யும் அன்று. அவருக்கு உண்மையிலேயே தாகம் தோன்றவில்லை.

1984-இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 67 முதல் 75 வயது வரையுள்ள நலமான முதியவர் ஏழு பேரையும், 20 முதல் 31 வயது வரையுள்ள இளைஞர் ஏழு பேரையும் 24 மணி நேரம் நீரின்றி இருக்கச் செய்தார்கள். முதியவர்களின் குருதியில் செறிவு நன்றாக ஏறியிருந்தது. ஆயினும் அவர்கள் இளைஞர்களைவிடக் குறைவாகவே தாகத்தை உணர்ந்தார்கள். பிறகு நீரை முன்னே வைத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர். நல்ல உடல்நலத்தோடு நடமாடியவர்கள். வயதுதான் அந்த மணியின் ஓசையைக் குறைத்திருந்தது.

இதோடு வேறு காரணங்களும் சேர்கின்றன. இரத்த அழுத்தத்துக்காக உண்ணும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டுகின்றன. முழங்கால் வலியால் கழிப்பறைக்கு நடப்பது பெரும்பாடு. இரவில் எழ வேண்டியிருக்குமே, இருட்டில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் வேறு. பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தாமே குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் தாய்மார்கள் எத்தனையோ பேர். கடைசியில் ஒரு நாள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுகிறார். அல்லது பேச்சில் திடீரென்று குழப்பம் காண்கிறது. குடும்பத்தார் பக்கவாதமோ என்று பதறி மருத்துவமனைக்கு விரைகிறார்கள். அவ்வாறு விரைவது சரியே. அங்கே சோதித்துப் பார்க்கையில் நீர்ச்சத்துக் குறைவுதான் காரணம் என்று தெரியவருவதும் உண்டு.

எனவே முதியவர் உள்ள வீட்டில் "வேண்டுமா?" என்னும் கேள்வியையே விட்டுவிடலாம். காலை எழுந்ததும் ஒரு குவளை வெதுவெதுப்பான நீர், மாத்திரையோடு ஒரு முழுக்குவளை, பதினொரு மணிக்கு மோர், நண்பகல் உணவில் ரசம், நான்கு மணிக்கு ஏதேனும் ஒன்று என்று கேளாமலே கையில் கொடுப்பது பயன் தரும். பெரிய குவளையைக் கண்டால் மலைப்பவர்களுக்குச் சிறு குவளையில் பலமுறை கொடுக்கலாம். இரவு எழுவதற்கு அஞ்சுபவருக்கு நாளின் பெரும்பகுதி நீரை மாலைக்குள் கொடுத்து முடித்துவிடலாம். படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடையில் ஒரு சிறு விளக்கு இரவெல்லாம் எரிந்தால், அவர் பகலில் அருந்தும் நீரின் அளவும் கூடக்கூடும்.

தாகத்தை அடக்குவோர்

தாகம் இருந்தும் குடியாதவர்கள் மற்றொரு வகையினர். இவர்களுள் பள்ளிக் குழந்தைகள் முதன்மையானவர்கள். காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த நீர்ப்புட்டி மாலையில் அப்படியே திரும்பி வருவதைக் காணாத வீடு அரிது. விளையாட்டும் மறதியும் ஒரு காரணம். பெண் குழந்தைகளிடம் இன்னொரு காரணம் இருக்கிறது. பள்ளிக் கழிப்பறை தூய்மையாக இல்லை, தாழ்ப்பாள் இல்லை, நீர் வருவதில்லை என்றால், அங்கே போகாமல் இருப்பதற்காக அவர்கள் நீரையே தவிர்க்கிறார்கள். இதை வீட்டில் சொல்வதும் இல்லை. சொல்லக் கூச்சம்.

2019-இல் கேரளப் பள்ளிகள் சிலவற்றில் இதற்கு எளிய வழி ஒன்று கண்டார்கள். பாடவேளைகளுக்கு இடையே நீர் அருந்துவதற்கென்றே தனியாக ஒரு மணி அடித்தார்கள். மணி ஒலித்ததும் எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் புட்டியை எடுத்துக் குடிக்க வேண்டும். கர்நாடகம், தெலங்கானா ஆகிய மாநிலங்கள் அதே ஆண்டில் இம்முறையைப் பின்பற்ற முனைந்தன. 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் 'வாட்டர் பெல்' வந்தது. உள்ளே ஒலிக்க வேண்டிய மணிக்குப் பதிலாக வெளியே ஒரு மணி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாத பள்ளியில் அந்த மணி எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பெண் குழந்தைகள் ஒரு மிடறுக்கு மேல் குடிக்கமாட்டார்கள். பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண் பற்றிக் கேட்பதோடு கழிப்பறை பற்றியும் கேட்கலாம்.

வளர்ந்த பெண்களின் நிலையும் இதுவே. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையே தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் ஆய்வு நடத்தினார்கள். மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான எல்லையைக் கடந்த வெப்பத்தில் உழைப்பதும், சிலரிடம் சிறுநீரகச் செயல்பாடு குன்றியிருப்பதும் அதில் தெரியவந்தன. வெட்டவெளி, நிழல் இல்லை, சுற்றிலும் வெண்மையான உப்பு வெயிலைத் திருப்பி அடிக்கிறது. ஒதுங்க ஒரு மறைவும் இல்லாத அவ்விடத்தில் பெண்கள் நீரைக் குறைத்துக்கொள்வது இயல்பாகிவிடுகிறது. கட்டடப் பணியிலும், செங்கற் சூளையிலும், சாலையோர வணிகத்திலும் உள்ள பெண்களிடம் கேட்டால் இதே கதையைக் கூறுவார்கள். இவர்களிடம் போய் நீரின் நன்மைகளை விரித்துரைப்பதால் பயனில்லை. அது அவர்களுக்குத் தெரியும்.

வெயிலில் உழைப்பவரின் தாகம் தேவையைவிடக் குறைவாகவே கேட்கும் என்பதும் ஆராய்ந்து அறியப்பட்ட ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது பாலைவனத்தில் படைவீரர்களைக் கவனித்த அமெரிக்க ஆய்வாளர்கள், கையில் போதிய நீர் இருந்தும் அவர்கள் வியர்வையில் இழந்ததில் ஒரு பகுதியையே குடித்து ஈடுசெய்வதைக் கண்டார்கள். உணவு வேளையில்தான் மீதிக் கணக்கு நேராயிற்று. வேலை இடைவேளையும் நிழலும் உணவும் நீரோடு சேர்ந்தவை.

2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 பாகை செல்சியஸ் வரை ஏறியது. வழக்கமான மே மாதங்களோடு ஒப்பிட்டபோது, அந்த ஒரு மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் விளைவாக 2013-இல் அந்நகராட்சி ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை அறிவிப்பு, மருத்துவமனைகளின் ஆயத்தம் ஆகியவற்றோடு, மக்கள் கூடும் இடங்களில் குடிநீர் வைப்பதும் அதில் இடம்பெற்றது. பழைய 'பரப்' புதிய பெயரில் நகராட்சியின் ஏட்டில் ஏறியது.

அளவு கடந்தால்

நீரும் மிகையாகலாம். 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினரிடம் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிப் பருகியதே முதன்மைக் காரணம். அந்த ஓட்டத்தில் ஒரு பெண் இதனால் உயிரிழந்தார். சோடியம் தாழும்போது நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து, மூளை வீங்குகிறது. பந்தயமாக ஒரே மூச்சில் பல லிட்டர் குடிப்பது விளையாட்டன்று.

இதயத் தளர்ச்சி உள்ளவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மருத்துவர் விதித்த அளவைத்தான் பின்பற்ற வேண்டும். மேலே கூறிய எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும்; கடுங்கோடையிலும் தனியே நீர் தேவையில்லை. 'பாவம், நாக்கு வறளுமே' என்று பாட்டிமார் சங்கில் புகட்டும் நீர், பால் குடிப்பதைக் குறைப்பதோடு வயிற்றுப்போக்கையும் கொண்டுவரக்கூடும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ள நல்கொண்டா போன்ற பகுதிகளில், அந்த நீரையே மேலும் குடிப்பது எலும்புக்கும் பல்லுக்கும் கேடு. அங்கே முதல் வேலை நல்ல நீர் ஆதாரத்தைத் தேடுவது.

வயிற்றுப்போக்கின்போது வெறும் நீர் மட்டும் போதுவதில்லை. குடலில் இழந்த உப்பும் திரும்பி வர வேண்டும். சோடியம் குடற்சுவரைக் கடந்து உள்ளே செல்லும் வழிகளுள் ஒன்றில் குளுக்கோஸ் அதற்குத் துணையாகிறது. இரண்டும் கடந்தால் நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. 1960-களில் ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் தெளிவான இந்த உண்மையை மிகக் கடுமையான சூழலில் பயன்படுத்திக் காட்டியவர் கல்கத்தாவின் குழந்தை மருத்துவர் திலீப் மகாலனாபிஸ்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்து வந்தபோது, போங்காவ் முகாமில் காலரா பரவியது. சிறிய மருத்துவமனை, தரையெங்கும் நோயாளிகள், நரம்பில் ஏற்றும் சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன, ஊசி ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. மகாலனாபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று அளந்து பொட்டலங்களாகக் கட்டச் செய்தார். அதைப் பெரிய கலன்களில் கரைத்து வைத்து, குவளைகளைத் தாய்மார்களிடமும் உறவினர்களிடமும் கொடுத்தார். அவர்கள் இரவு பகலாக நோயாளியின் அருகில் அமர்ந்து வாய்வழியே புகட்டினார்கள். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு விகிதம், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் செய்ய வேண்டியதாகக் கருதப்பட்ட பணியை, எழுதப் படிக்கத் தெரியாத தாய் ஒரு குவளையால் செய்து முடித்தாள். ஒப்புக்கொள்ள மருத்துவ உலகுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. மகாலனாபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

அந்தக் கரைசலின் திருத்திய வடிவமே 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். தூள். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடினால் தீங்கு. சர்க்கரை கூடினால் போக்கு மிகும். கடைகளில் அதே பெயரை ஒட்டிக்கொண்டு இனிப்புப் பானங்களும் விற்கப்பட்டு வந்தன. உரிய கலவை இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரைச் சூடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. வாங்கும்போது உறையின் மீது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குவது நன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்தப் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கிறது.